இரண்டாம் கட்டம்

விசா மையத்தில் ஏழாம் கவுன்டர் என்னுடையது.
காலை எட்டரையிலிருந்து
மற்றவர்கள் போகப்போகும் நாடுகளைக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாங்கி அடுக்குகிறேன்.
படத்தில் காது தெரிகிறதா.
வங்கிக் கணக்கு முந்தாநாள்தான் கொழுத்ததா.
முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் குடும்பப் பெயர்.
எதுவும் காலியாக இருக்கக் கூடாது.

நாலரைக்கு ராஜீவ் சௌக்கில்
கூட்டமே என்னைத் தூக்கி மெட்ரோவுக்குள் வைக்கும்.
சமுதாயக் கல்லூரி, இரண்டாம் மாடி,
சர்வதேசக் கல்விச் சான்றிதழ்,
ஆறு தாள், ஒன்றரை வருஷம், தவணையில் பணம்.
காலையில் அதே அறையில் அழகுக்கலை வகுப்பு.
சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி,
அதன்மேல் ஆணியில் உலகப்படம்.
ஆஸ்திரேலியாவுக்குக் கீழே
நெற்றி இல்லாமல் என் முகம் தெரியும்.
பசிபிக் முடிகிற ஓரத்தில்
எந்த மணப்பெண்ணோ கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு.
அதைத் தீவென்று அறிவித்து
நோட்டின் கடைசிப் பக்கத்தில் கொடி வரைந்தோம்.

பக்கத்து பெஞ்சில் ஹர்கேஷ்.
சாணக்யபுரியில் ஒரு தூதரக வாசலில் காவல்.
கேட்டுக்கு உள்ளே அந்த நாட்டு மண் என்று
ஆறு வருஷமாக நம்பியவன்.
மண் நம்முடையதுதான்,
கேட்காமல் நுழையக் கூடாது, அவ்வளவே
என்றது மூன்றாம் தாள்.
அன்று அவன் சமோசா சாப்பிடவில்லை.
"அப்போ நான்
இந்தியாவிடமிருந்து இந்தியாவைக்
காத்துக்கொண்டா இருந்தேன்?"

நவம்பரில், புகை மூட்டத்தில்,
ஏழாம் கவுன்டருக்கு வந்தார் ஒருவர்,
தோள்பையில் மகளுக்குப் பிரசவ லேகியம்.
பெயர் கலியபெருமாள்.
குடும்பப் பெயர்?
"குடும்பத்துக்கு எதுக்கும்மா பேரு, கூப்பிட்டா வரும்."
கணினிக்கு அது புரியவில்லை.
காலிக் கட்டம் சிவப்பாகத் துடித்தது.
விதிப்படி பெயரையே இன்னொரு முறை அடித்தேன்.
கலியபெருமாள் கலியபெருமாள்.
தாளைத் தூரப் பிடித்துப் படித்தார்.
"இதுல யாரு போறது,
யாரு வீட்டைப் பாத்துக்கறது?"

அதைத்தான் ஆறாம் தாளுக்கு எழுதினேன்,
பன்னிரண்டு பக்கம்.
உலகம் தன் வாசலில் இரண்டு கட்டம் போட்டு வைத்தபோது
அப்பன் பெயரை ஓரெழுத்தாய்ச் சுருக்கி
முன்னால் நடக்கவிடும் எங்களை
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்று.
மதிப்பெண் எழுபத்தொன்று.
ஓரத்தில் சிவப்பு மசி: சான்றுகள் போதாது.

மார்ச்சில் சான்றிதழ் வந்தது.
தங்கநிற விளிம்பு, ஆங்கிலத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று.
முத்தழகி முத்தழகி.
இந்தியில் அதுகூட இல்லை, முத்தஜகி.
சிரித்துக்கொண்டே
மண்டி ஹவுஸ் வரை வந்துவிட்டேன்,
பிறகு எதற்கோ அழுகை வந்தது.
திருத்த முந்நூறு ரூபாய், ஒரு பிரமாணப் பத்திரம்,
இருபது வேலை நாள்.
வேண்டாம் என்றேன்.
ஒருத்தி கவுன்டரில் உட்கார்ந்தாள்,
ஒருத்தி மெட்ரோவில் நின்றபடி படித்தாள்.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தாள், இருக்கட்டும்.

வேலையில் அறுநூறு ரூபாய் கூடியது.
கவுன்டர் அதே ஏழு.

திரிலோக்புரி வீட்டில் நேற்று ராத்திரி
எனக்கென்று ஒரு பாஸ்போர்ட் படிவத்தைத் திறந்தேன்.
எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.
நானும் முடிவு செய்யவில்லை.
அம்மாவுக்குக் கட்டம் என்றால் ஜாதகம்தான்.
எட்டிப் பார்த்து, "ரெண்டாவது குடும்ப ஸ்தானம்டி,
அங்க ஒண்ணுமில்லேன்னாலும் பாதகமில்ல" என்றாள்.
அப்பா வெள்ளையடித்த கையோடு
சோற்றுக்குக் காத்திருந்தார்.
நகக்கண்ணில் சுண்ணாம்பு.
அவர் பெயரை முழுசாக அடித்துப் பார்த்தேன்: வீராசாமி.
இப்படியே விட்டால்
என்றாவது ஏதோ ஒரு விமான நிலையத்தில்
மிஸ் வீராசாமி, மிஸ் வீராசாமி என்று
ஒலிபெருக்கி அவரைத்தான் கூப்பிடும்.

"என்னடி என் பேரப் போட்டு வச்சிருக்க?"
சேமித்துவிட்டு
ரசத்தைச் சுடவைக்கப் போனேன்.